பின் வண்டியின் மூக்கு

வண்டியில் வைத்தபடியே நிரப்பிவிடலாம் என்று பங்க் ஆள் சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஜீப்பின் பின்கதவைத் திறந்து, கேன்களை ஒவ்வொன்றாக இறக்கி, சிமெண்டுத் தரையில் வரிசையாக நிறுத்துகிறார். பின்னால் காத்து நிற்கும் லாரி ஹாரன் அடிக்கிறது. திரும்பிப் பார்த்து, தெரிந்தவரிடம் நலம் விசாரிப்பதுபோல ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, அடுத்த கேனை இறக்குகிறார். "தரையில நின்னாதான் பயம் இல்ல. வண்டிக்குள்ள வச்சு ஊத்தி, ஒரு பொறி பறந்துச்சுன்னு வை, நீயும் இருக்க மாட்ட, உன் பங்கும் இருக்காது" என்று ஒரே ஒரு முறைதான் விளக்கம் சொல்வார். மறுபடி கேட்டால் லாரிக்காரருக்குக் கிடைத்த அதே தலையாட்டல்தான்.

கழுத்து வரை நிரப்பவும் விடமாட்டார். மேலே கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். "வெயில் ஏறினா அதுவும் பெருமூச்சு விடும்ல? எடம் வேணாமா?" அப்புறம் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்து, வெடிப்பு கிடிப்பு இருக்கிறதா என்று கட்டைவிரலால் சுற்றித் தடவுவார். திருகி மூடியதும் கேனைப் படுக்கப் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் அந்தக் கேனுக்கு அந்தப் பயணம் கிடையாது. லாரிக்காரர் இதற்குள் வேறு பம்புக்குப் போயிருப்பார்.

சாலை முடிகிற இடத்தில் தொடங்குகிற பயணங்களுக்குப் பெட்ரோல் சுமந்து போவது அவர் தொழில். பாறைக்காடு, மணல்மேடு, வற்றிப்போன ஆற்றுப்படுகை என்று பார்க்கக் கிளம்புகிறவர்கள் முன் வண்டியில் போவார்கள். கேன்களும் அவரும் பின் வண்டியில். இடையில் பங்க் என்ற பேச்சுக்கே இடமில்லை. எடுத்துப்போனதை வைத்தே போய்த் திரும்ப வேண்டும். "போறதுக்கு டேங்க்ல இருக்கு. இது வர்றதுக்கு" என்று கேன்களைக் காட்டிச் சொல்வார். இன்னும் ஒரு மேடு தாண்டிப் பார்த்துவிடலாமே என்று கெஞ்சுகிற எத்தனையோ பேருடைய ஆசையில் இந்த ஒரு வரியால் மண்ணைப் போட்டிருக்கிறார். என்னுடையதிலும்தான்.

குட்டையான ஆள். தோள் மட்டும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி மாட்டியது மாதிரி இருக்கும். ஒரு கையில் கேன் தூக்கி நடந்தால் முதுகு கோணிவிடும் என்று எப்போதும் இரண்டு கையிலும் தூக்குவார். ஒரு கேன்தான் இருக்கிறது என்றால் மறு கையில் கல்லை வைத்துக்கொண்டாவது நடப்பார். சட்டைப் பையில் சில்லறைக்குப் பதிலாக ரப்பர் வளையங்கள் கிடக்கும். புறப்படுவதற்கு முன்னால் எல்லோரிடமும் தீப்பெட்டி, லைட்டர் வசூல் நடக்கும். துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுவார், திரும்பி வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். புகைக்காமல் இருக்க முடியாது என்று அடம்பிடித்த ஒரு பெரிய மனிதரைத் தன் வண்டியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தின் எல்லை வரை நடக்கவிட்டு, "இப்ப பத்த வைங்க" என்று கை காட்டியவர். போய்வந்த களைப்பில் அந்தப் பெரிய மனிதர் அந்தப் பயணம் முழுவதும் அடுத்த சிகரெட் கேட்கவில்லை.

நிறைந்த கேனைவிடக் காலிக் கேனிடம்தான் அவருக்கு மரியாதை அதிகம். "நெறஞ்சது சாது. காலியானதுதான் கோபக்காரன். உள்ள ஆவி நிக்குது பாரு" என்பார். காலியான கேன்மேல் யாராவது உட்காரப் போனால் போதும், குழந்தையை மாடிப்படியில் பார்த்த தாய்போல ஓடி வருவார்.

எல்லோரும் அவரை 'மோப்பம்' என்பார்கள். பெயர் வைத்தவர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. பயணங்களை ஏற்பாடு செய்கிற சின்ன நிறுவனம் அந்தத் தம்பியுடையதுதான். வண்டி குதித்துக் குதித்துப் போகும்போது எந்தக் கேனில் மூடி தளர்ந்தது என்று பின்னால் திரும்பாமலே அத்தான் சொல்லிவிடுகிறாரே என்ற வியப்பில் வைத்த பெயர் அது. பழைய பெட்ரோலா, நேற்று வாங்கியதா, மண்ணெண்ணெய் கலந்ததா, எல்லாம் மூடியை ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோனால் போதும். "மோப்பண்ணே" என்று வண்டிகள் நிற்கும் யார்டில் யார் கூப்பிட்டாலும் பெருமையாகவே திரும்புவார். நாய்க்குச் சொல்கிற வார்த்தை என்று நான் ஒருமுறை சீண்டினேன். "நாய் என்ன மட்டமா தம்பி? அதுக்கு லைசென்ஸ்தான் குடுக்கல" என்றார்.

இந்த மூக்குக்கு வீட்டில் மட்டும் மதிப்பில்லை. அவர் மனைவி தையல்காரர். முன்னறை முழுக்கத் துணிதான். வெட்டியது ஒரு மேசையில், தைத்தது கொடியில், பட்டன் வைக்க வேண்டியது நாற்காலிமேல். கல்யாணம் ஆன புதிதில் யாரோ ஒரு வாடிக்கையாளர், "என்ன டெய்லரம்மா, சட்டை தைக்கச் சொன்னா பெட்ரோல்ல முக்கிக் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத் துணியைத் திருப்பிக் கொடுத்தாராம். அன்றைக்குப் போட்ட சட்டம் இன்றுவரை அமலில் இருக்கிறது. பயணம் முடிந்து வருகிறவர் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். போட்டிருந்த உடுப்பு கொல்லையில் இருக்கும் தகர டிரம்மில் போக வேண்டும். குளித்த பிறகுதான் வீட்டு மனிதர். அப்படியும் அந்த அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, "தலைக்கு சோப்பு போடலயா?" என்று முன்னறையிலிருந்தே கேட்பார். போட்டிருக்கவே மாட்டார்.

நான் முதன்முதலில் அந்தப் பின் வண்டியில் ஏறியபோது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்று பந்தாவாகப் போய் நின்றேன்; முன் வண்டியில் இடமில்லை, கேனோடு கேனாக உட்கார்ந்துகொள் என்றார்கள். அழாத குறைதான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை முன் வண்டியில் இடம் இருந்தும் நான் பின்னால்தான் ஏறியிருக்கிறேன். காரணம் காலை நேரம். கூடாரத்துக்குள் பாதித் தூக்கத்தில் கிடப்போம். வெளியே அவர் முதல் கேனின் மூடியைக் கால் திருகு திருப்பி நிறுத்துவார். இரவெல்லாம் அடைபட்டிருந்த காற்று 'புஸ்' என்று போகும். பிறகு, குளிரில் கூர்மையாக, மூக்கின் உச்சியில் போய்க் குத்துகிற அந்த வாசனை. காற்றுக்கு மறுபக்கம், நெடுந்தூரம் தள்ளி, டீக்கு அடுப்பு பற்றவைக்கும் சத்தம். இன்றைக்கு எங்கே போகப்போகிறோம் என்பது தெரியாது. தெரியவும் வேண்டாம் என்று இருக்கும்.

இப்போது எனக்கு முட்டிவலி, தவணை, மாத்திரை எல்லாம் இருக்கிறது. நகரத்தில் பஸ் ஏதாவது பங்கைத் தாண்டும்போது அந்த வாசனை ஜன்னல் வழியாக வரும். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்துவார். நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறப்பேன்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்ததுதான். போனது காய்ச்சல் மட்டும் இல்லை. ஒருநாள் சமையலறைக்கு எதிரே உட்கார்ந்து ரப்பர் வளையங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து புகை மண்டியது. முன்னறையிலிருந்து மனைவி ஓடி வந்து, "மூக்கு என்னங்க அடமானம் வச்சிட்டீங்களா?" என்று கத்தினார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. கொல்லைக்குப் போய் டிரம்மைத் திறந்து, தன் பழைய சட்டையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டாராம். ஒன்றும் இல்லை. தண்ணீரில் முகத்தை வைத்த மாதிரி இருந்தது என்றார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம். வராமலும் போகலாம்" என்று எந்தப் பக்கமும் பிடி கொடுக்காமல் சொல்லிவிட்டார்.

மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, யார்டில் மூச்சு விடவில்லை. வழக்கம்போல மூடியைத் திறப்பார், மூக்கருகே கொண்டுபோவார், கண்ணைச் சுருக்குவார், "ம், நல்ல சரக்கு" என்பார். எல்லாம் நடிப்பு. கை வேலையிலும் கண் வேலையிலும் ஒரு குறையும் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த நடிப்பு முடிந்த இடத்தில் நானும் இருந்தேன். காற்றும் புழுதியுமாக ஒரு நாள். ஜீப்பின் பக்கத் துணிகளை இறக்கிப் பட்டன் போட்டிருந்தார். எனக்கு மூக்கடைப்பு வேறு. கொஞ்ச நேரத்தில் தலை பாரமானது, பிறகு சுற்றியது, பிறகு "நிறுத்துங்கண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் வாந்தி. வளைவு நெளிவான பாதை என்று நான் நினைத்தேன். அவரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். துணியைத் தூக்கிக் கட்டப் போனவர், கேன்களுக்கு அடியில் விரித்த சாக்கில் கை வைத்தார். சாக்கு நனைந்திருந்தது. எந்த நேரம் தொடங்கிய கசிவோ தெரியாது. அவ்வளவு நேரமும் நாங்கள் அந்த ஆவிக்குள் உட்கார்ந்து, கதை பேசிக்கொண்டு வந்திருக்கிறோம்.

கேனைத் தூக்கி வெகுதூரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். என் முன்னால் தரையில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார். "எனக்கு மூக்கு செத்துப்போச்சு தம்பி" என்றார். "உன்னையும் சேத்துக் கொன்னிருப்பேன்."

ஊர் திரும்பியதும் மைத்துனரிடம் அவரே போய்ச் சொன்னார். மைத்துனர் நல்ல மனிதர். அதுதான் சிக்கலே, கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, "அத்தான், நீங்க ஓடினது போதும். யார்டைப் பாத்துக்குங்க. பின் வண்டிக்கு நான் வேற ஆள் போட்டுக்கறேன்" என்றார். அவர் வீட்டுக்கு வந்து, குளித்து, தலைக்கு சோப்பும் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தாராம். டெய்லரம்மாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. "சோப்பு போட்டுட்டு வந்து உக்காந்தாரு தம்பி. நான் சொல்லாமலே." என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை அந்த அம்மா தம்பியின் அலுவலகத்துக்குப் போய், "நான் போறேன் அவர்கூட. மூக்குதான வேணும்?" என்றார். தம்பி சிரித்திருக்கிறார். பெட்ரோல் வாசனை பட்டாலே தலைவலி என்று இத்தனை வருஷம் வீட்டைவிட்டு ஓர் அடி பயணம் வராத அக்கா அல்லவா? "அந்தத் தலைவலிதான்டா வேணும். கொல்லைக் கதவைத் திறந்தாலே எந்தச் சட்டைன்னு சொல்லுவேன். இவரு மூக்கு என் மூக்குக்குக் கால் தூசி." கடைசியில் ஒரு பயணம், ஒரே ஒரு பயணம் என்று முடிவானது. சரியாக வந்தால் அவர் பின் வண்டியில் தொடரலாம். இல்லாவிட்டால் யார்டு. பேச்சு மாறக் கூடாது.

எனக்குச் செய்தி வந்ததும் முட்டிவலியையும் பொருட்படுத்தாமல் பெட்டி கட்டினேன்.

பின் வண்டியின் முன்சீட்டில் டெய்லரம்மா. மடியில் எலுமிச்சம்பழம், கழுத்தில் இஞ்ச் டேப், கழற்ற மறந்துவிட்டாராம். தைத்துக் கொடுக்க வேண்டிய துணிகளைப் பக்கத்துத் தெருக் கடையில் கெஞ்சிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, முகத்தை அஷ்டகோணலாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேனாக முகர்ந்தார். "சரி... சரி... தூ, என்ன நாத்தம்... இதுவும் சரி." பக்கத்தில் அவர் பள்ளிக்கூடத்துப் பையன்போல மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடையிடையே அந்த அம்மா அவரையும் அதட்டினார்: "தள்ளி நில்லுங்க. உங்க சட்டைதான் முந்திக்கிட்டு வருது."

மைத்துனர் முன் வண்டியில் நான்கு சுற்றுலாக்காரர்களோடு. அத்தானைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்றோ, இது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று காட்டவோ, அன்று காலை தன் வண்டிக்குத் தானே பெட்ரோல் ஊற்றிக்கொண்டார். "நீங்க டீ குடிங்க அத்தான்" என்றார். அத்தான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வற்றிய ஆற்றுப்படுகையில் கூழாங்கற்கள்மேல் குலுங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். பக்கத் துணிகளெல்லாம் தூக்கிக் கட்டியிருந்தன. டெய்லரம்மா திடீரென்று டேஷ்போர்டைத் தட்டினார். "நிறுத்துங்க. வருது."

அவர் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். முன்னால் போன வண்டியும் நின்றது. அவர் பின்னால் போய் ஒவ்வொரு கேனையும் தடவினார். சாக்கைத் தடவினார். உலர்ந்து கிடந்தது. எனக்கும் ஒன்றும் வரவில்லை. மூக்கு நன்றாகத்தான் இருந்தது. மைத்துனர் நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் சுற்றுலாக்காரர்களில் ஒருவர், வெயிலில் நிற்கவைத்த எரிச்சலோடு. "அக்கா, பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசனை வராம மல்லிப்பூவா வரும்?" என்றார் மைத்துனர். சுற்றுலாக்காரர் சிரித்தார். டெய்லரம்மாவின் முகம் சிவந்தது. "இல்லடா, இது வேற. வந்துச்சு. இப்ப லேசா இருக்கு..." குரல் இறங்கிக்கொண்டே போனது. யார்டுதான் என்று நினைத்தேன்.

அவர் கயிற்றை அவிழ்த்துக் கேன்களை இறக்க ஆரம்பித்தார். மைத்துனர் கையைப் பிடித்தார். "அத்தான், நீங்களே தொட்டுப் பாத்தாச்சே. ஒண்ணும் இல்லையே?"

"அவளுக்கு வருதுன்னா வருது" என்றார் அவர். எல்லாவற்றையும் இறக்கினார். கூழாங்கற்கள்மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் படுக்கப்போட்டு, திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு மனைவியிடம், "எங்கேருந்து வருது? பாத்துச் சொல்லு. அவசரமில்ல" என்றார்.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். காற்று எங்களை நோக்கித்தான் அடித்துக்கொண்டிருந்தது. காற்று வந்த திசையில், கற்களில் கால் தடுமாற, கழுத்தில் இஞ்ச் டேப் ஆட, முன் வண்டியை நோக்கி நடந்தார். அதன் பக்கவாட்டில் போய் நின்று, "இங்க" என்று கையை நீட்டினார். டேங்கின் வாயில் மூடியே இல்லை. காலையில் ஊற்றும்போது கழற்றிப் பம்பர்மேல் வைத்த மூடி, வழியில் எந்தக் கல்லுக்கிடையில் விழுந்ததோ. குலுங்கக் குலுங்கப் பெட்ரோல் சிந்தி, பக்கத் தகட்டில் வழிந்து, புகைபோக்கிக் குழாய்க்கு ஒரு சாண் தள்ளிச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மற்ற மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோரையும் இறக்கித் தூரமாக அனுப்பினோம். சிந்தியது உலர்ந்து, குழாய் ஆறும் வரை காத்திருந்தோம். பிளாஸ்டிக் தாளும் கெட்டித் துணியும் வைத்து டேங்கின் வாயை அவர் மூட, பழைய டியூபிலிருந்து வெட்டிய பட்டையால் டெய்லரம்மா இறுக்கிக் கட்டினார். கட்டியதில் ஒரு சுருக்கம் இல்லை. மைத்துனர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெயில் அவ்வளவு இல்லை. கிளம்பும்போது எங்கள் ஜன்னலருகே வந்து, "அக்கா, அடுத்த டிரிப்புக்கும் கடையை மூடிடு" என்றார். அத்தானின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

முன் வண்டி நகர்ந்தது. எங்கள் ஜீப்பும் உறுமிக்கொண்டு நின்றது. அவர் கியரைப் போடவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டார்:

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"வாசனை."

"நாத்தம்..." என்று ஆரம்பித்த அந்த அம்மா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுதுகிறவன்தானே, நீயாவது சொல்லேன் என்பதுபோல. நீங்களே சொல்லுங்கள் என்று கை காட்டினேன். பிறகு அந்த அம்மாவே அவர் பக்கம் சாய்ந்து, அளவு சொல்கிற குரலில், மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். "மொதல்ல குப்புன்னு மேல ஏறும்... கண்ணு ஓரத்துல லேசா எரியும்... அப்புறம் பின்னாலயே கொஞ்சம் தித்திப்பா..." மீதி இன்ஜின் சத்தத்தில் போய்விட்டது.

முன் வண்டியின் புழுதி ஆற்றின் வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.